குவேக்கர், புராட்டஸ்டண்ட் பெண்களின் கடிதங்களில் பாலினப் பாத்திரங்களை ஆராய்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

1666-ஆம் ஆண்டு, லங்காஸ்டர் கோட்டைச் சிறையில் இருந்த மார்கரெட் ஃபெல், சபையில் பெண்கள் பேசுவது வேதத்துக்கு உடன்பாடானதே என்று நிறுவும் ஒரு சிறுநூலை வெளியிட்டார். தொடக்ககாலக் குவேக்கர் பெண்களைப் பற்றி எழுத வருகிறவர்களில் பலர் அந்தச் சிறுநூலில் தொடங்கி அதிலேயே முடித்தும் விடுகிறார்கள். ஆனால் அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் அவர் எழுதியும் பெற்றும் வந்த கடிதங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சிறைப்பட்டவர்களுக்குத் துணிமணி, பயணம் போகிறவர்களுக்குப் பணம், மனம் தளர்ந்தவர்களுக்கு ஆறுதல், வழி விலகியவர்களுக்குக் கண்டிப்பு என்று ஓர் இயக்கத்தின் அன்றாட நடமாட்டம் அவற்றில்தான் பதிவாகியிருக்கிறது. ஒரு பெண் எந்தப் பொறுப்பில் நின்று, யாருடைய இசைவோடு, எந்த உறவின் பெயரால் பேசினாள் என்று அறிய விரும்புகிறவர் முதலில் கடிதங்களுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த வழிகாட்டி முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள எவரும் இதைப் பின்பற்றலாம். குவேக்கர்கள் என்பவர்கள் 1650-களில் வட இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் முதலானோரின் போதனையால் திரண்ட நண்பர்கள் சங்கத்தார். குருமாரும் சடங்கும் இல்லாமல், ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கும் ஒளியே வழிகாட்டும் என்று நம்பியவர்கள். ஆவியானவர் ஏவினால் பெண்ணும் எழுந்து பேசலாம் என்பது அந்த நம்பிக்கையிலிருந்து நேராகப் பிறந்த நடைமுறை. அவர்களுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே ஜெர்மனியிலும் ஜெனிவாவிலும் சீர்திருத்த இயக்கத்தைச் சார்ந்த பெண்கள் கடிதம் வழியாகப் பொதுவெளிக்கு வந்திருந்தனர். இவ்விரு மரபுகளையும் சேர்த்துப் படிப்பது பயனுள்ளது. ஒன்றின் தொடர்ச்சியே மற்றொன்று என்று முன்கூட்டியே கொள்வது ஆபத்தானது.

முதற்படி: கேள்வியைச் சுருக்குதல்

"குவேக்கர் பெண்களின் பாலினப் பாத்திரம்" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. காலம், இடம், உறவு ஆகிய மூன்றுக்கும் வேலி போட்ட பிறகுதான் கேள்வி உருப்பெறும். "1652 முதல் 1660 வரை ஃபெல் குடும்பத்தின் வீடான சுவார்த்மூர் ஹாலுக்கு எழுதிய பெண்கள், மார்கரெட் ஃபெல்லை எந்த உறவுமுறையில் விளித்தார்கள், அந்த விளிப்பு அவர்கள் கேட்ட உதவிக்கேற்ப மாறியதா" என்பது கேள்வி. அதற்கு விடை தேடக் கடிதங்களை எண்ணலாம், ஒப்பிடலாம், தவறென்றால் தவறென்று ஒப்புக்கொள்ளலாம்.

ஆண்டுகளை எல்லையாக வைக்கும்போது காரணத்தோடு வைக்க வேண்டும். 1660-இல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியதும், 1662-இலும் 1664-இலும் வந்த சட்டங்கள் குவேக்கர் கூட்டங்களையே குற்றமாக்கின. 1673-இல் லண்டனில், அச்சுக்குப் போகும் எழுத்துகளைச் சரிபார்த்து அனுமதிக்கும் ஆண்களின் குழு ஒன்று ஏற்பட்டது. 1650-களில் தெருவில் நின்று தீர்க்கதரிசனம் உரைத்த பெண்ணின் குரலும், 1680-களில், குவேக்கர் பெண்கள் தனியே கூடிச் சபைக் காரியங்களைக் கவனித்த பெண்கள் கூட்டத்தின் சார்பில் ஏழைகளுக்கான நிதியைப் பற்றி எழுதிய பெண்ணின் குரலும் ஒரே குவியலில் போடத்தக்கவை அல்ல.

வர்க்கத்தையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். 1523-இல் இங்கோல்ஷ்டாட் பல்கலைக்கழகத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதிய ஆர்குலா ஃபோன் கிரும்பாக் பவேரியப் பிரபுக் குலத்தவர். துருக்கியின் சுல்தானைக் காணப் புறப்பட்ட குவேக்கர் மேரி ஃபிஷர், யார்க்ஷயரின் செல்பி என்ற ஊரில் வீட்டு வேலை செய்தவர். "பெண்" என்ற ஒரே தலைப்பின் கீழ் இவ்விருவரையும் அடக்குவதற்கு முன், ஒருவருக்கு இருந்த பிறப்புரிமை மற்றவருக்கு இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாம் படி: கடிதம் ஏன் நம் கைக்கு வந்தது என்று கேட்டல்

என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வில் மிக முக்கியமான படி இதுதான். எழுதப்பட்ட கடிதங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. பிழைத்தவை யாரோ ஒருவர் வேண்டுமென்றே வைத்துக்கொண்டதால் பிழைத்தவை. யார் வைத்தார், எதற்காக வைத்தார் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் உள்ளடக்கத்தைப் படிக்கத் தொடங்கக் கூடாது.

இன்று லண்டன் யூஸ்டன் சாலையில் உள்ள நண்பர்கள் இல்லத்தின் நூலகத்தில் சுவார்த்மூர் கையெழுத்துப் பிரதிகள் என்ற தொகுப்பு இருக்கிறது. ஏறத்தாழ 1,400 கடிதங்களும் ஆவணங்களும் அடங்கிய அந்தத் தொகுப்பின் பெரும்பகுதி, அல்வர்ஸ்டன் என்ற சிற்றூருக்கு அருகில் ஃபெல் குடும்பம் வாழ்ந்த சுவார்த்மூர் ஹாலில் சேர்ந்தது. வீட்டுத்தலைவர் தாமஸ் ஃபெல் ஒரு நீதிபதி. அவர் கடைசிவரை குவேக்கராகவில்லை. ஆயினும் 1652 முதல் தம் வீட்டில் கூட்டம் நடக்க இடம் கொடுத்தார். ஊர் ஊராகப் போன ஊழியர்கள் அந்த வீட்டுக்கு எழுதினார்கள். அங்கே கடிதங்கள் படிக்கப்பட்டு, நகலெடுக்கப்பட்டு, மீண்டும் வெளியே போயின. ஓர் இயக்கத்தின் தலைமைச் செயலகம் ஓர் இல்லத்தரசியின் வீட்டுக்கூடத்தில் இயங்கியது என்பதைத் தொகுப்பின் இருப்பே காட்டுகிறது. உள்ளே இருக்கும் எந்த ஒரு வாக்கியத்தையும்விட இது வலுவான சான்று.

அந்தத் தொகுப்பும் தொடப்படாமல் நம்மிடம் வரவில்லை. பின்னாளில் ஜார்ஜ் ஃபாக்ஸ் பல கடிதங்களின் புறத்தில் தம் கையால் குறிப்பு எழுதினார். 1650-களின் தொடக்கத்து உணர்ச்சிப் பெருக்கில் எழுதப்பட்ட சில சொற்றொடர்கள், அவரைத் தெய்வத்துக்கு நிகராகப் போற்றுவது போல் தோன்றியதால், மையால் அடிக்கப்பட்டுள்ளன. 1652-இல் சுவார்த்மூர் ஹாலிலிருந்து ஃபாக்ஸுக்குப் போன ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுத்தலைவி, அவருடைய மகள்கள், வீட்டில் பணிசெய்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் அதன் அடியில் சேர்ந்து நிற்கின்றன. எசமானியும் பணியாளரும் ஒரே தாளில் ஆவிக்குரிய பிள்ளைகளாகக் கையொப்பமிடுகிறார்கள். அந்தக் கையொப்பங்களின் வரிசை, அவை ஒரே கையில் உள்ளனவா, எந்த வரிகள் அடிக்கப்பட்டுள்ளன என்பனவெல்லாம் அச்சுப் பதிப்பில் தெரியாமல் போகக்கூடிய செய்திகள்.

புராட்டஸ்டண்ட் பக்கம் ஓர் எதிர்மறை உதாரணம் உண்டு. ஸ்காட்லாந்தின் சீர்திருத்தப் போதகர் ஜான் நாக்ஸ், லண்டனைச் சேர்ந்த ஆன் லாக் என்ற பெண்மணிக்கு எழுதிய கடிதங்கள் கிடைக்கின்றன. அவர் நாக்ஸுக்கு எழுதிய ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நாக்ஸின் பதில்களிலிருந்து அவருடைய கேள்விகளை ஊகிக்கலாம். ஆனால் அப்படி ஊகித்தவற்றை "ஆன் லாக் எழுதினார்" என்று எழுதக் கூடாது. ஒலிம்பியா மொராட்டாவின் நிலை வேறு. ஃபெர்ராரா அரண்மனையில் கல்வி பெற்ற இந்த இத்தாலியப் பெண் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகருக்குக் குடிபெயர்ந்தார். அந்நகரம் முற்றுகையிடப்பட்டு எரிந்தபோது அவருடைய எழுத்துகளில் பலவும் எரிந்தன. 1555-இல் அவர் இறந்த பிறகு, நண்பர் குரியோனே எஞ்சியவற்றைத் திரட்டி 1558-இல் பாசல் நகரில் அச்சிட்டார். நாம் படிக்கும் மொராட்டா, ஓர் ஆண் தொகுப்பாசிரியர் உலகுக்குக் காட்ட விரும்பிய மொராட்டாவும்கூட.

பறிக்கப்பட்ட கடிதங்களையும் மறக்க வேண்டாம். 1656 அக்டோபரில் குவேக்கர் போதகர் ஜேம்ஸ் நெய்லர் பிரிஸ்டல் நகருக்குள் குதிரையேறி நுழைந்து கைதானபோது, அவரிடமிருந்த கடிதங்கள் கைப்பற்றப்பட்டன. பெண்கள் அவரைப் புகழ்ந்து எழுதிய வரிகள் பாராளுமன்ற விசாரணையில் சான்றாகவே பயன்பட்டன. லண்டனின் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் அரசுத் தாள்களிலும் இப்படி வழியில் பிடிபட்ட கடிதங்கள் உண்டு. இவை எழுதியவர் காக்க விரும்பியவை அல்ல, அரசு அச்சப்பட்டவை. ஆகவே இவற்றில் துணிச்சலான பெண்களே அதிகம் தென்படுவார்கள். அதைக் கொண்டு எல்லாப் பெண்களும் அப்படித்தான் எழுதினார்கள் என்று முடிவு கட்டக் கூடாது.

மூன்றாம் படி: தொலைவிலிருந்து மூலங்களை அடைதல்

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு இந்த வேலையைத் தொடங்க முடியும். தொடக்ககால ஆங்கில அச்சு நூல்களைத் தட்டச்சு வடிவில் தரும் எர்லி இங்கிலீஷ் புக்ஸ் திட்டத்தின் பெரும்பகுதி இப்போது இலவசமாகக் கிடைக்கிறது. சிறுநூல்களுக்குள் அச்சான கடிதங்களை அங்கே தேடலாம். யார் யாருக்கு எப்போது எழுதினார் என்று அறிய ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எர்லி மாடர்ன் லெட்டர்ஸ் ஆன்லைன் பட்டியல் உதவும். அமெரிக்காவில் ஹேவர்ஃபோர்டு, சுவார்த்மோர் ஆகிய இரு கல்லூரிகளின் குவேக்கர் தொகுப்புகளும் பெரியவை.

காப்பகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது "குவேக்கர் பெண்களைப் பற்றி ஏதேனும் உண்டா" என்று கேட்காதீர்கள். தொகுதி எண், தாள் எண், எழுதியவர், பெற்றவர், தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கேட்டால் பதிலும் கிடைக்கும், படமும் கிடைக்கும்.

நான்காம் படி: தாளையும் கையையும் பார்த்தல்

படம் கைக்கு வந்ததும் உடனே படியெடுக்க உட்கார வேண்டாம். முதலில் தாளின் புறப்பக்கத்தைப் பாருங்கள். அக்காலக் கடிதத்துக்குத் தனி உறை கிடையாது. தாளையே மடித்து, முத்திரையிட்டு, வெளிப்புறத்தில் விலாசம் எழுதுவார்கள். விலாசத்தில் பெண்ணின் பெயர் இருக்கிறதா, "இன்னார் வீட்டில் கொடுக்க" என்று ஓர் ஆணின் பெயர் வழியாகப் போகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். வடக்கத்திய குவேக்கர்களின் கடிதங்களில் பல, கெண்டல் நகரத்தின் ஜார்ஜ் டெய்லர், தாமஸ் வில்லன் இருவர் கை வழியாகப் போயின. 1654-இல் ஃபெல்லின் முயற்சியால் ஏற்பட்ட உதவி நிதிக்கும் அவ்விருவரே பொருளாளர்கள். அரசு அஞ்சலில் வந்தால் கட்டணத்தைப் பெறுகிறவர்தான் பெரும்பாலும் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு அத்தனை கடிதங்கள் வந்துகொண்டிருந்தன என்றால், அந்தச் செலவை யார் ஏற்றார்கள் என்பதும் நம் கேள்வியில் அடங்கும்.

அடுத்து, எழுதிய கை யாருடையது? அக்கால இங்கிலாந்தில் வாசிக்கக் கற்பது முதலிலும் எழுதக் கற்பது பின்னரும் நடந்தன. வேதம் வாசிக்கத் தெரிந்த பெண்கள் பலருக்குப் பேனா பிடிக்கத் தெரியாது. அவர்கள் சொல்லச் சொல்ல மற்றொருவர் எழுதினார். கையொப்பம் மட்டும் வேறு மையில், வேறு கையில் இருந்தால் அதைக் கவனியுங்கள். பிறர் எழுதிக் கொடுத்த கடிதம் அந்தப் பெண்ணுடையது அல்ல என்று ஒதுக்குவது பெரும் பிழை. ஆனால் "நான்" என்ற சொல்லுக்கும் அவளுக்கும் இடையே ஓர் எழுத்தர் உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

பழைய கையெழுத்தைப் படிக்க, தேசிய ஆவணக் காப்பகத்தின் இலவச இணையப் பயிற்சியைச் செய்துவிட்டு வாருங்கள். டிரான்ஸ்கிரைபஸ் போன்ற மென்பொருள் முதல் வரைவு எடுக்க உதவும். அதன் வரைவை எழுத்துக்கு எழுத்து சரிபார்க்காமல் மேற்கோள் காட்டக் கூடாது. படியெடுக்கும்போது எழுத்துக்கூட்டலைத் திருத்தாதீர்கள். பிரில்லியானா ஹார்லி போன்ற கல்வியறிவுள்ள மேட்டுக்குடிப் பெண்ணும் காதுக்குக் கேட்டபடிதான் எழுதினார். இன்றைய எழுத்துக்கூட்டலுக்கு மாற்றினால், அவருக்குக் கிடைத்த கல்வி எப்படிப்பட்டது என்பதற்கான தடயத்தை நாமே அழித்தவர்களாவோம்.

ஐந்தாம் படி: தேதியைச் சரிசெய்தல்

இது சலிப்பூட்டும் வேலை. ஆனால் இதில் தவறினால் நிகழ்ச்சிகளின் வரிசையே தலைகீழாகும். இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25-இல் தொடங்கியது. கிழமைகளுக்கும் மாதங்களுக்கும் உள்ள பிறமதத் தெய்வப் பெயர்களைக் குவேக்கர்கள் தவிர்த்து எண்களால் குறித்தார்கள். முதல் மாதம் என்றால் மார்ச். ஆகவே "12-ஆம் மாதம் 10-ஆம் நாள், 1658" என்று தாளில் இருந்தால், அது நம் கணக்கில் 1659 பிப்ரவரி 10. டிசம்பர் 1658 என்று எடுத்துக்கொண்டால் இரண்டு மாதம் பிழைக்கும். மார்ச் மாதக் கடிதங்களில் இன்னும் எச்சரிக்கை தேவை. சிலர் மார்ச் முதல் நாளிலேயே புதிய ஆண்டெண்ணுக்கு மாறினார்கள், சிலர் 25 வரை காத்திருந்தார்கள். ஐரோப்பியப் பெருநிலத்தின் பல பகுதிகள் அப்போதே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டதால், 17-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து வந்த கடிதத்துக்கும் இங்கிலாந்துக் கடிதத்துக்கும் 10 நாள் வித்தியாசம் வரலாம். தாளில் உள்ள தேதியையும் மாற்றிய தேதியையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.

ஆறாம் படி: விளிப்பு, பணிவு, வேதம் மூன்றையும் நெருங்கி வாசித்தல்

இப்போதுதான் உள்ளடக்கம். முதலில் விளிப்பைப் பாருங்கள். கேதரின் எவன்ஸ், சாரா சீவர்ஸ் என்ற இரு குவேக்கர் பெண்கள் மால்டாத் தீவில் கத்தோலிக்க விசாரணை மன்றத்தால் பிடிக்கப்பட்டு, 1662 வரை மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்தார்கள். அங்கிருந்து அவர்கள் குடும்பத்துக்கு எழுதியவை 1662-இல் லண்டனில் அச்சாயின. எவன்ஸ் தம் கணவரை ஒரே மூச்சில் கணவர், நண்பர், சகோதரர் என்று மூன்று முறையில் அழைக்கிறார். பிள்ளைகளைக் கண்மணியினும் அருமையானவர்கள் என்கிறார். கடமை தவறிய மனைவி, பிள்ளைகளைத் தவிக்கவிட்ட தாய் என்ற குற்றச்சாட்டு எழக்கூடிய இடம் அது. அவர் மனைவி, தாய் என்ற பாத்திரங்களைத் துறக்கவில்லை. கணவனைச் சகோதரனாகவும் ஆக்குவதன் மூலம் கீழ்ப்படிதல் என்ற உறவுக்கு அருகில் சமநிலை என்ற உறவையும் நிறுத்துகிறார். இதைப் "புரட்சி" என்றோ "அடிமைத்தனம்" என்றோ ஒரே சொல்லில் அடக்குகிறவர் கடிதத்தைப் படிக்கவில்லை என்றே நான் சொல்வேன்.

மார்கரெட் ஃபெல்லுக்கு வந்த கடிதங்களில் அவர் தாய் என்றும், இஸ்ரவேலில் எழும்பிய தாய் என்ற தெபொராளின் சாயலிலும், வளர்க்கும் தாய் என்றும் அழைக்கப்படுகிறார். ஆண்களும் அப்படியே அழைத்தார்கள். தாய் என்பது இங்கே வீட்டுக்குள் அடங்கிய பாத்திரமாக இல்லாமல், கண்டிக்கவும் கணக்குக் கேட்கவும் உரிமை தரும் பதவியாகச் செயல்படுகிறது. ஒவ்வொரு கடிதத்திலும் அந்தச் சொல்லை ஒட்டி எந்த வினை வருகிறது, அதாவது தாய் ஊட்டுகிறாளா, கண்டிக்கிறாளா, பணம் அனுப்புகிறாளா என்று குறித்துப் பட்டியலிட்டால் பாத்திரத்தின் எல்லை தெளிவாகும்.

ஒருமை விளிப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குவேக்கர்கள் அரசனையும் நீதிபதியையும் வேலைக்காரரையும் நாம் "நீ" என்பது போல ஒருமையிலேயே அழைத்தார்கள், அது கொள்கை. ஒரு பெண் ஆளுநரை ஒருமையில் விளித்தாள் என்பதை மட்டும் வைத்து அவள் ஆண் அதிகாரத்தை எதிர்த்தாள் என்று எழுதக் கூடாது. அவளோடு இருந்த ஆணும் அதையே செய்தார்.

அடுத்தது பணிவு. "அற்பமான பெண்ணாகிய நான்" என்ற தொடரைக் கண்டதும் அதை மனத்தின் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்துத் திருச்சபையை மேலும் சீர்திருத்த விரும்பிய பியூரிட்டன்களின் நம்பிக்கையுள்ள பிரில்லியானா ஹார்லி, 1643-இல் உள்நாட்டுப் போரின்போது பிராம்ப்டன் பிரையன் கோட்டையில் தனியே இருந்தார். கணவர் சர் ராபர்ட் பாராளுமன்றத்தில். அரச படை முற்றுகையிட்டுச் சரணடையச் சொன்னபோது அவர் தந்த விடையின் சாரம் இது: இந்த வீட்டையும் பிள்ளைகளையும் கணவர் என் பொறுப்பில் விட்டிருக்கிறார், அவருடைய விருப்பமின்றி அதைப் பிறரிடம் ஒப்படைக்க எனக்கு உரிமை இல்லை. கீழ்ப்படிதலுள்ள மனைவி என்ற பாத்திரத்தையே கேடயமாக்கி ஒரு படையை ஏழு வாரமளவு வாசலில் நிறுத்தினார். அதே பெண்மணி, மகன் எட்வர்டுக்கு எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்களில் உடல்நலம், உணவு, ஜெபம் பற்றிய அறிவுரைகளுக்கு நடுவே அரசியல் செய்திகளையும் அனுப்பினார். போர் நெருங்கியபோது, துளைகள் வெட்டிய தாளை மேலே வைத்தால் மட்டும் உண்மைச் செய்தி புலப்படும்படி எழுதினார். பாசமுள்ள தாய் என்ற கையொப்பம் பொய்யில்லை; ஆனால் அந்தக் கையொப்பத்தின் கீழ் உளவுச் செய்தியும் பயணம் செய்தது.

மூன்றாவது வேதம். ஒரு வேத விரிவுரையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இந்தக் கடிதங்களைப் படிக்கவே முடியாது. பெண்கள் சபையில் பேசாமலிருக்க வேண்டும் என்னும் 1 கொரிந்தியர் 14, பெண் உபதேசம்பண்ணக் கூடாது என்னும் 1 தீமோத்தேயு 2 ஆகியவை எதிர்த்தரப்பின் ஆயுதங்கள். "உங்கள் குமாரரும் உங்கள் குமாரத்திகளும் தீர்க்கதரிசனஞ் சொல்லுவார்கள்" என்னும் யோவேல் 2:28 பெண்கள் தரப்பின் முதன்மையான வசனம். ஆனால் ஒவ்வொருவரும் இவற்றைக் கையாண்ட விதம் வேறு. ஆர்குலா தம் 1523-ஆம் ஆண்டுக் கடிதத்தில் பவுலின் தடையைத் தாமே எடுத்துச் சொல்கிறார். அதனால்தான் இதுவரை அடங்கியிருந்ததாகவும், ஆண் எவரும் பேசாததால், மனுஷர் முன்பாக என்னை அறிக்கைபண்ணுகிறவன் என்ற கிறிஸ்துவின் சொல் தம்மைக் கட்டாயப்படுத்துவதாகவும் எழுதுகிறார். விதியை ஒப்புக்கொண்டு, நெருக்கடியால் அதை மீறும் வழி இது. அந்தக் கடிதம் பத்துக்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டது. கணவரோ தம் அரசுப் பதவியை இழந்தார். ஃபெல்லின் வழி வேறு. அவர் அந்த விதியே அவிசுவாசமுள்ள, ஒழுங்கற்ற பெண்களைக் குறித்தது, ஆவியால் நிறைந்தவர்களைக் குறித்ததல்ல என்று வாதிடுகிறார். முன்னவர் விதிவிலக்கு கேட்கிறார். பின்னவர் விதியின் எல்லையை மாற்றி வரைகிறார். நீங்கள் படிக்கும் கடிதம் இவ்விரண்டில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

மேரி ஃபிஷரின் கடிதத்தில் மூன்றாவது வழி ஒன்று தெரிகிறது. 1658-இல் எதிர்னே நகருக்கு அருகே நான்காம் மெஹ்மெத் சுல்தானைக் கண்டு திரும்பிய அவர், யார்க்ஷயர் நண்பர்கள் மூவருக்கும் அவர்களுடைய மனைவியருக்கும் எழுதினார். யாரிடம் அனுப்பப்பட்டேனோ அந்த அரசர் முன் சாட்சி சொன்னேன், அவர் என்னிடம் மிகவும் பெருந்தன்மையாக நடந்துகொண்டார் என்கிறார். தாம் பெண் என்பதைப் பற்றி வாதமோ மன்னிப்போ அங்கே இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பாஸ்டனில் சூனியக்காரி என்று சந்தேகித்து அவருடைய உடலைச் சோதனையிட்டவர்கள் கிறிஸ்தவ அதிகாரிகள். அந்தப் பின்னணியில் "பெருந்தன்மை" என்ற சொல்லின் கனம் கூடுகிறது. பாலினம் பற்றிப் பேசாத கடிதமும் பாலின ஆய்வுக்கு உரியதே. எங்கே அதைப் பேசத் தேவைப்படவில்லை என்பதும் ஒரு கண்டுபிடிப்பு.

ஏழாம் படி: கடிதத்துக்கு வெளியே சரிபார்த்தல்

எழுதிய பெண் அந்த ஆண்டில் மணமானவளா, விதவையா, மணமாகாதவளா என்று முதலில் கண்டறியுங்கள். ஆங்கிலப் பொதுச்சட்டப்படி மணமான பெண்ணின் சட்ட ஆளுமை கணவனுடையதில் அடங்கிவிடும், விதவைக்கு அப்படியில்லை. தாமஸ் ஃபெல் 1658-இல் இறந்தார். 1660-இல் மார்கரெட் லண்டன் சென்று குவேக்கர்களின் அறிக்கையை அரசனிடம் சேர்த்ததும், அடுத்த ஆண்டுகளில் தொடர்ந்து எழுதியதும் விதவையாக. 1664-இல் அவருக்குச் சொத்துப் பறிமுதலும் சிறையும் விதிக்கப்பட்டபோது பறிக்கப்படச் சொத்து இருந்ததும் அதனால்தான். 1669-இல் ஜார்ஜ் ஃபாக்ஸை மணந்தபோது, அவருடைய சொத்தில் தமக்கு எதுவும் சேரக் கூடாது என்று ஃபாக்ஸ் முன்கூட்டியே உறுதி செய்தார். மனைவி, விதவை, மறுமணமானவர் என்ற இந்த மூன்று கட்டங்களிலும் மார்கரெட்டின் கடித நடை மாறுகிறதா என்பது நல்ல ஆய்வுக்கேள்வி.

கணக்கேடுகளைத் தேடுங்கள். மகள் சாரா ஃபெல் 1673 முதல் 1678 வரை எழுதிய சுவார்த்மூர் வீட்டுக் கணக்கு 1920-இல் அச்சில் வந்தது. அதில் பண்ணை வரவு செலவும் பெண்கள் கூட்டத்தின் பணமும் அடுத்தடுத்து வருகின்றன. ஏறத்தாழ அதே காலத்தில் லங்காஷயர் பெண்கள் கூட்டம் மற்ற ஊர்களின் பெண்கள் கூட்டங்களுக்கு ஒரு சுற்றுக்கடிதம் அனுப்பி, கூட்டத்தை எப்படி நடத்துவது, திருமணங்களை எப்படி விசாரிப்பது, ஏழைகளை எப்படிக் கவனிப்பது என்று விளக்கியது. கடிதம் சொன்னதைக் கணக்கேடு காட்டுகிறதா என்று ஒத்துப்பார்க்க இவ்வளவு வசதியான இடம் வேறு கிடைப்பது அரிது. 1670-களில் ஜான் வில்கின்சன், ஜான் ஸ்டோரி இருவரும் அவர்களைச் சார்ந்தவர்களும், பெண்கள் கூட்டத்துக்குத் தனி அதிகாரம் கூடாது என்று எதிர்த்து இயக்கத்தையே பிளந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஆவியில் சமத்துவம் என்று சொன்ன சமூகம், திருமணத்தை விசாரிக்கும் அதிகாரம் பெண்களிடம் போனபோது எவ்வளவு கலங்கியது என்பது அங்கே தெரியும்.

அச்சு வடிவத்தையும் கையெழுத்தையும் அருகருகே வைக்க வாய்ப்பிருந்தால் தவறவிடாதீர்கள். 1660 ஜூன் 1-இல் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்ட குவேக்கர் மேரி டையர், முந்தைய ஆண்டு சிறையிலிருந்து மாசசூசெட்ஸ் பொது மன்றத்துக்கு எழுதிய கடிதம் அவர் கைப்பட இன்றும் இருக்கிறது. குவேக்கர்கள் பின்னர் அச்சிட்ட வடிவம் அதிலிருந்து வேறுபடுகிறது. எந்த வரிகள் மெருகேறின என்று பாருங்கள். கூடவே, அவருடைய கணவர் வில்லியம் 1660 மே மாதம் ஆளுநருக்கு எழுதிய மன்றாட்டையும் படியுங்கள். மனைவி தம் உயிரைக் கேட்கவில்லை, குவேக்கர்களுக்கு எதிரான சட்டத்தை நீக்கச் சொல்கிறார். குவேக்கராகாத கணவரோ, அரை ஆண்டாக அவளைப் பார்க்கவில்லை என்று சொல்லி, இரக்கம் வேண்டி உயிரைக் கேட்கிறார். கண்ணீர் பெண்ணுக்கும் வாதம் ஆணுக்கும் உரியது என்ற எதிர்பார்ப்போடு வருகிற வாசகரை இந்த இரண்டு தாள்களும் நிறுத்தி யோசிக்க வைக்கும்.

எட்டாம் படி: ஆண்களின் கடிதங்களோடு ஒப்பிடுதல்

பெண்களின் கடிதங்களை மட்டும் படித்துப் பெண்மையின் இயல்புகளைப் பட்டியலிடுவது இந்தத் துறையில் அடிக்கடி காணப்படும் குறை. அதே காலம், அதே பெறுநர், அதே வகைச் சூழல் கொண்ட ஆண்களின் கடிதங்களில் சம எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். குவேக்கர் ஆண்களும் கண்ணீரைப் பற்றி எழுதினார்கள், தம்மைக் குழந்தை என்றார்கள், பால் குடிக்கும் உருவகத்தைப் பயன்படுத்தினார்கள். ஒப்பீட்டுக்குப் பிறகும் எஞ்சி நிற்கும் வேறுபாடே உங்கள் சான்று.

குறிப்பேட்டுக்கு ஒரு சாதாரண விரிதாள் போதும். எழுதியவர், எழுதிய கை, பெறுநர், இரு தேதிகள், மணநிலை, எழுதிய இடம், கொண்டுபோனவர், முதல் விளிப்பு, இறுதிக் கையொப்பம், வேத மேற்கோள், கேட்கும் அல்லது கட்டளையிடும் வினை, பிழைத்து வந்த வழி ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் வையுங்கள். தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள், ஊகத்தால் நிரப்பாதீர்கள்.

ஒன்பதாம் படி: எழுதுதல்

முடிவுகளை எழுதும்போது எழுவாயில் கவனம் வையுங்கள். "குவேக்கர் பெண்கள் சமத்துவத்தை நம்பினார்கள்" என்ற வாக்கியத்தை எந்தக் கடிதக் கட்டும் தாங்காது. "1653 முதல் 1658 வரை சுவார்த்மூருக்கு எழுதிய பெண்களில், சிறையிலிருந்து எழுதியவர்கள் ஃபெல்லைத் தாய் என்றும், பயணத்திலிருந்து எழுதியவர்கள் சகோதரி என்றும் அழைத்தார்கள்" என்பது போன்ற வாக்கியத்தை, உங்கள் விரிதாள் ஆதரித்தால், நெஞ்சுறுதியோடு எழுதலாம். அது சிறியதாகத் தோன்றினாலும் அடுத்து வருகிறவர் அதன் மேல் கட்டடம் எழுப்ப முடியும்.

தமிழில் மேற்கோள் தரும்போது இன்றைய பெண்ணியச் சொல்லாட்சியை அவர்கள் வாயில் வைக்க வேண்டாம். தமிழ் வேதாகமத்தின் நடை அவர்களுடைய மொழிக்கு நெருக்கமாக நிற்கும். மூலத்தைப் பழைய எழுத்துக்கூட்டலோடு பிற்சேர்க்கையில் கொடுங்கள். எழுத்தர் எழுதியது என்றால் மேற்கோளுக்கு அருகிலேயே அதைச் சொல்லுங்கள். கையெழுத்து கிடைக்காமல் அச்சில் மட்டும் கிடைத்த கடிதமானால், அச்சிட்டவர் பெயரையும் ஆண்டையும் எழுதியவரின் பெயருக்குப் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள்.